மாற்றி வைத்த பேர்

“ஊர்ல உலகத்துல வேற பேரே இல்லையா உனக்கு? என் பேர்தான் கிடைச்சுதா?”

மாமியார் கைபேசியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்த வேகத்தில் டம்ளர் ஆடி, தண்ணீர் ரொட்டித் தட்டில் தெறித்தது. மருமகள் நிமிரவில்லை. அவள் புருஷன் நல்ல பிள்ளை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன், கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டுவதற்காக மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். சண்டை ஓய்கிற வரைக்கும் அந்தத் தலை மேலே வராது.

“அத்தை, அது உங்க பேர் இல்ல. சும்மா வச்ச பேர். கீழேயே போட்டிருக்கோமே, பெயர் மாற்றப்பட்டுள்ளதுன்னு.”

“மாத்தி எங்க கொண்டுவந்து வச்சிருக்க? என் தலையில! என் நாத்தனா காலங்காத்தால போன் பண்றா. ‘அண்ணி, உங்க மருமக எழுதியிருக்காளே, புருஷன் செத்தவ தனியா இருந்தாளாம், ஆபீசர் வந்து கட்டில்ல உக்காந்தானாம், அது நீங்களா அண்ணி?’ங்கறா. லைன்ல இருன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.”

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். யாரிடமும் “லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டு அவள் இணைப்பைத் துண்டித்ததாகச் சரித்திரம் கிடையாது. அவளே வைத்துவிட்டாள் என்றால் நிலைமை அவ்வளவு மோசம்.

அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அது பட்ட பாடு போதும். அந்த வயதுப் பெண்களில் தெருவுக்கு ஒருத்தியாவது வைத்திருக்கிற, பழைய, அடக்கமான பேர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகளுக்கு வீட்டிலும் ஆபீசிலும் ஒரே செல்லப்பேர்: நோண்டி. சின்ன வயதில் ஆறுகிற புண்ணைக்கூட விடமாட்டாளாம். இப்போது அதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஓர் இணையப் பத்திரிகையில் இருக்கிறாள். விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது. படிக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதில் ஓடுகிற கடை. மாநில அரசாங்கம் என்ன செய்கிறது, எங்கே செய்யாமல் இருக்கிறது, யார் தலையைத் தடவுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. லாபம் இல்லாத வேலை என்று புருஷன் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது, அதில் பெருமை எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று அவளுக்கே பிடிபட்டதில்லை.

இந்தத் தடவை நோண்டியது விதவைகளுக்கான அரசு உதவித்தொகையை. அதைத் தொடர்ந்து வாங்க வேண்டுமானால், இந்தப் பெண் மறுமணம் செய்துகொள்ளவில்லை, ஒழுங்காக இருக்கிறாள் என்று வருஷா வருஷம் அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். அது போதாதென்று ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். வாசலில் ஆண் செருப்பு கிடக்கிறதா, கொடியில் ஆண் சட்டை தொங்குகிறதா, கட்டிலில் எத்தனை தலையணை. இரண்டு இருந்தால், இன்னொன்று யாருக்கு? மாநிலம் முழுக்க இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. ஓர் ஊரில் அந்த அதிகாரி தலையணையை எண்ணியதோடு நிற்கவில்லை. சாயங்காலங்களில் “மறு விசாரணை” என்று திரும்பி வந்தார். என் கையெழுத்தும் வேண்டுமானால் கதவைச் சாத்து என்றார். அதைச் சொன்னவள் ஒரு தையல்காரி, ஒரே ஒருத்தி. அதுவும் பேர் வெளியே வரக்கூடாது என்ற உறுதியின்மேல்.

கட்டுரை ஏறுகிற நேரத்தில் அவளுக்கு ஒரு பொய்ப்பேர் வேண்டியிருந்தது. நோண்டி யோசித்துக்கொண்டிருந்தபோது மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது. குக்கர் வளையத்தை எங்கே வைத்தாய் என்று கேட்க மாமியார் கூப்பிட்டிருந்தாள். திரையில் பேர் ஒளிர்ந்தது. அதையே பார்த்து அடித்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

“அவசரத்துல வந்துடுச்சு அத்தை.”

“அவசரத்துல எனக்கு ஒரு பேர் வச்ச. அந்த ஆபீசருக்கு ஏன் வைக்கல?”

“அவர் பேரைப் போட முடியாது. வக்கீல் வேணாம்னுட்டாங்க.”

“நிஜப்பேரை யாரு கேட்டா? பொய்ப்பேர் வைக்கிறது. கட்டுரை முழுக்க ஆபீசர், ஆபீசர்னு மொட்டையா போட்டிருக்க. உன் மாமனார் பேரு சும்மாத்தானே கிடக்கு? அதை வச்சிருக்கலாமே!”

மேஜைக்கு அடியில் ஷூ கயிறு கட்டுகிற சத்தம் நின்றது.

நோண்டி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். மாமனார் பேரையா? தலையணை எண்ணுகிறவனுக்கா? செத்துப்போன மனிதருக்கு எவ்வளவு அவமானம்! சிரிப்புக்குக்கூட அவளுக்கு அது தோன்றியிருக்காது. ஆனால் அவன் கெடுக்கப் பார்த்தவளுக்கு மாமியார் பேரை வைத்தபோது விரல் கொஞ்சமும் கூசவில்லையே. ஆபீசுக்குப் போகிற பஸ் பயணம் முழுக்க அது அவளை உறுத்திக்கொண்டே வந்தது.

ஆபீஸ் என்பது ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே காற்று அடிக்கிற சத்தத்துக்கு நடுவில்தான் மாநில அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டும். அன்றைக்கு ஆசிரியர் உற்சாகமாக இருந்தார். கட்டுரை நன்றாகப் பரவியிருந்தது. சட்டசபையில் யாரோ கேள்வி எழுப்பப்போவதாகப் பேச்சு. “அந்தக் கட்டில் வர்ணனை பிரமாதம்மா. ஒரு காலுக்குப் பதிலா செங்கல் அடுக்கின கட்டில். கண்ணு முன்னால நிக்குது” என்றார். நோண்டிக்கும் அந்த வரிமேல் ஆசைதான். ஊர்ப் பேரை மாற்றினாள், தொழிலை மாற்றினாள், தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியையும் செங்கல் கட்டிலையும் மாற்ற மனசு வரவில்லை.

மத்தியானம் தையல்காரி போன் பண்ணினாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேசுவது வெளியே கேட்காமலிருக்க வெறும் துணியில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“மேடம், என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?”

“ஏன், உங்களைக் கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“என்னை இல்ல மேடம். நீங்க வச்ச பேரு எங்க எதிர்வீட்டு அக்கா பேரு. இஸ்திரி போடுறவங்க. அவங்களுக்கும் வீட்டுக்காரர் இல்ல, அவங்களும் உதவித்தொகை வாங்குறாங்க. தண்ணித் தொட்டின்னு போட்டதும் எங்க தெருதான்னு தெரிஞ்சுபோச்சு. பேரைப் பாத்ததும் அவங்கதான்னு முடிவே பண்ணிட்டாங்க.”

“கட்டில்? செங்கல் வச்ச கட்டில் உங்க வீட்டுலதானே இருக்கு?”

“கட்டிலை யாரு மேடம் வந்து பாக்குறா? பேரு போதாதா?”

அப்புறம் மிச்சத்தையும் சொன்னாள். தெருவில் யாரும் அந்த அக்காவிடம் துணி போடுவதில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இருவரும் இனிமேல் மாட்டோம் என்றுவிட்டார்கள். கையெழுத்து இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகும். புருஷனின் தம்பி வந்து, குடும்ப மானம் போய்விட்டது, முன்னறையைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இஸ்திரி மேஜை இருப்பது அந்த முன்னறையில்தான். ராத்திரி அவள் படுப்பதும் அங்கேதான்.

“நான் போய் அது நான்தான்னு சொல்லிடலாம்னு வாசல் வரைக்கும் போனேன் மேடம். என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துட்டிருந்தா. திரும்பி உள்ள வந்துட்டேன்.” மிஷின் சத்தம் நின்றது. “நான் நல்லவ இல்ல மேடம்.”

அன்றைக்கே ஆசிரியர் கட்டுரைக்கு மேலே ஒரு விளக்கம் ஏற்றினார்: இதில் வரும் பெயர் கற்பனையானது, அந்தப் பெயருள்ள எவரையும் குறிப்பதல்ல. நல்ல எண்ணத்தில்தான் போட்டார். பத்திரிகைக்காரர்கள் பண்ணுகிற கெடுதலில் பாதி நல்ல எண்ணத்தில் பண்ணுவது.

மறுநாள் நோண்டி ஒரு பை நிறையத் துணியோடு அந்தத் தெருவுக்குப் போனாள். பத்திரிகைக்காரி என்று காட்டிக்கொள்ளாமல் போக வேறு வழி தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் வலப்பக்கம் தையல் மிஷின், இடப்பக்கம் இஸ்திரி மேஜை. பெட்டி சூடாக இருந்தது. மேஜைமேல் துணி எதுவும் இல்லை. அந்த அம்மாள் தன்னுடைய சேலையையே எடுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பது கிட்டே போனதும் தெரிந்தது.

“துணியா? எனக்கா?” என்றாள் பையைப் பார்த்து. “ஊருக்குப் புதுசு போல.”

நோண்டி குரலைத் தாழ்த்தி, தான் யார் என்று சொன்னாள். அக்கா, மன்னிச்சுக்குங்க என்றாள். அந்த அம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஓ, நீதானா? எம் பேரை எங்கேருந்து எடுத்த?”

“அது... என் மாமியார் பேரு.”

அவள் நோண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. “மாமியா மேல அவ்வளவு பிரியமா?”

“விளக்கம் போட்டிருக்கோம் அக்கா. உங்களைச் சொல்லலைன்னு...”

“படிச்சாங்க, படிச்சாங்க. தொட்டிகிட்ட நின்னு எல்லாரும் கேக்குற மாதிரி படிச்சாங்க. ‘அவ இல்லைன்னு எதுக்குப் போடணும்? அவதான், பயந்துபோய்ப் போட்டிருக்காங்க’ன்னு சொல்றாங்க. முந்தியாவது ரெண்டு பேருக்குச் சந்தேகம் இருந்துச்சு. நீ போட்ட விளக்கத்துல அதுவும் தீந்துபோச்சு.”

நோண்டிக்குக் கண் கலங்கியது. அழுவதற்கு உரிமையில்லாத இடம் என்று தெரிந்ததால் மென்று முழுங்கினாள். எதிரே தையல் மிஷின் விட்டு விட்டு ஓடியது.

“நிஜமா யாருன்னு எனக்குத் தெரியும்” என்றாள் இஸ்திரிக்காரம்மா, எதிர்ப்பக்கம் திரும்பாமலே. “அந்தக் கட்டிலுக்குச் செங்கல் தூக்கிக் கொடுத்ததே நான்தான். இப்ப வாயத் திறந்தா நாளைக்கே எல்லாத் துணியும் எங்கிட்ட வந்துடும். திறக்க மாட்டேன். அவளுக்கு வயசுக்கு வரப்போற பொண்ணு இருக்கு.”

“நீங்க செய்யாத ஒண்ணுக்கு...”

“செய்யாதவதான். ஆனா படாதவன்னு யாரு சொன்னா உனக்கு?”

மிஷின் நின்றுவிட்டது. அந்த அம்மாள் பையிலிருந்து நோண்டியின் புருஷனுடைய சட்டை ஒன்றை உருவி, மேஜைமேல் விரித்து, காலரிலிருந்து ஆரம்பித்தாள். கை வேலை செய்ததால்தான் வாய் பேசியது.

“இங்கயும் வந்தான். இதே அறை. ஒரு தலையணைதானே இருக்கு, நல்ல பொம்பளதான்னான். சந்தோசமா இருந்துச்சு, மூதேவி எனக்கு. மறுநா சாயங்காலம் மறு விசாரணைன்னு திரும்பி வந்தான். அந்தா, அங்க உக்காந்தான். ஒரு தலையணை எப்படிப் போதும் உனக்குன்னான். நான் பெட்டியைக் கையை விட்டு எடுக்கல. ஒரே சட்டை, ஒரே இடம், அழுத்திக்கிட்டே நின்னேன். புகை வந்துச்சு. கருகி நாத்தம் அடிச்சதும்தான் எழுந்து போனான். கையெழுத்துப் போடுறாரே பக்கத்து வீட்டுக்காரர், அவர் சட்டை. கவனப்பிசகுன்னு சொல்லி வேற வாங்கிக் கொடுத்தேன். சட்டை எரிஞ்ச கதை இந்தத் தெருவுக்கே தெரியும். ஏன் எரிஞ்சுச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.”

கட்டுரையிலேயே பெரிய பொய் அந்தப் பேர்தான் என்று நோண்டி நினைத்திருந்தாள். அது நிஜம். அது நிஜமில்லை என்று போட்ட விளக்கம்தான் பொய்.

“பேர் கெட்டது கெட்டாச்சு” என்றாள் அந்த அம்மாள். “திரும்ப நல்ல பேராகிறதுக்கு நான் இன்னொரு தடவை பொறக்கணும். கெட்ட பேரை வச்சு என்ன பண்ணலாம், சொல்லு. அவன் பேர் ஏன் அதுல இல்ல?”

“எங்க வக்கீலம்மா ஒத்துக்கல அக்கா. தன் சொந்தப் பேரைச் சொல்லி, நடந்ததை ஒரு பொம்பளையாவது நேர்ல சொன்னாத்தான் அவன் பேரைப் போட முடியும்னாங்க.”

“அப்ப போடு. முதல்ல அந்த விளக்கத்தை எடு.”

ஆபீசில் வக்கீலம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி முழுசாகக் கேட்டாள். அவள் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. அவள் சம்பளமே அதற்குத்தான். அவளே கிளம்பிப் போய் அந்த அம்மாளிடம் பேசினாள். எது நடந்தாலும் ஊர் உங்களைத்தான் பேசும், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். யோசிப்பதற்கு மிச்சம் வைத்தார்களா என்ன என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து, உங்கள் சட்டை எப்போது எரிந்தது என்று கேட்டாள். மனிதருக்குச் சட்டை மேல் அபார ஞாபகம். விசாரணைக்கு அந்த ஆபீசர் வந்துபோனதற்கு மறுநாள், வாங்கி ஒரு மாசம்கூட ஆகாத சட்டை என்று தானாகவே சொன்னார். எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அதிகாரியிடமும் விளக்கம் கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் போனை வைத்தார்.

“சரி. இப்ப போடலாம்” என்றாள் வக்கீலம்மா.

அன்றைக்கு இரண்டாவது கட்டுரை ஏறியது. பழைய விளக்கத்தை எடுத்துவிட்டு, அதைப் போட்டதே பிழை என்று ஆசிரியர் எழுதினார். பாராட்டு வாங்கித் தந்த தண்ணீர்த் தொட்டியையும் செங்கல் கட்டிலையும் நோண்டி பழைய கட்டுரையிலிருந்து தன் கையாலேயே வெட்டினாள். புதிய கட்டுரையில் அந்த அம்மாளின் பேர் இருந்தது. அதிகாரியின் பேர் தலைப்பிலேயே இருந்தது. அடியில் வழக்கமாக வருகிற வரி இருக்க வேண்டிய இடத்தில் நோண்டி ஒன்று எழுதினாள்: பெயர் மாற்றப்படவில்லை.

உலகம் புரண்டுவிட்டது என்று சொன்னால் அது பொய். விசாரணை நடக்கும் என்று துறை அறிவித்தது. அந்த அதிகாரியை வேறோர் ஊருக்கு மாற்றினார்கள், அதே வேலைக்கு. அந்த ஊரிலும் வீடுகள் இருக்கின்றன, தலையணைகள் இருக்கின்றன. கையெழுத்து விதி அப்படியே இருக்கிறது. கொழுந்தன் சொன்னபடியே முன்னறையைப் பூட்டினான். கட்டுரையில் அண்ணிமேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் பூட்டினான், ஆனால் குரலை உயர்த்தாமல் பூட்டினான். தெரு அதை அவனுடைய பெருந்தன்மை என்றது.

இஸ்திரி மேஜை வெளியே கிடந்த அன்றைக்குத் தையல்காரி வாசலைத் தாண்டி வந்தாள். யாரையும் பார்க்காமல் மேஜையின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை இஸ்திரிக்காரம்மா தூக்கினாள். தெரு நடுவில் இருவருமாகச் சுமந்துகொண்டு போய், மிஷினுக்குப் பக்கத்தில் போட்டார்கள். உனக்கும் இவளுக்கும் என்ன என்று தொட்டிப் பக்கமிருந்து ஒருத்தி கேட்டாள்.

“எனக்கும் அவங்களுக்கும் ஒரே ஆபீசர்” என்றாள் தையல்காரி.

இதை நோண்டி அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பேர் சமாசாரத்தில் ஏற்பட்ட கோபம் இன்னும் தீரவில்லை என்று புருஷன் ஜாடை காட்டினான். அப்போது வீட்டுப் போன் அடித்தது. மாமியார் எழுந்து போய் எடுத்தாள். அந்தப் பக்கம் நாத்தனார். அவள் குரலுக்குப் போனே தேவையில்லை, அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணி, மறுபடியும் உங்க பேர்ல வந்திருக்கே! இந்தத் தடவை மாத்தலைன்னு வேற போட்டிருக்கு! யாரு அண்ணி அது?”

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான்தான்னு வச்சுக்கயேன். அவன் பேரு என்னன்னு பாத்தியா?”

“எவன் பேரு?”

“தலையணை எண்ணினவன் பேரு. தலைப்புலயே போட்டிருக்கே, கொட்டை எழுத்துல.”

நாத்தனார் குரல் இறங்கியது.

“அதை நான் கவனிக்கலையே அண்ணி.”

நோண்டியின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. மாமியார் அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்துக் குரல் திரும்பி வந்துவிட்டது.

“பரவால்ல. போய்க் கண்ணாடியை எடுத்துட்டு வா. அவன் பேரைச் சத்தமாப் படி. நான் லைன்லயே இருக்கேன்.”